மருதையனுக்குச் சொன்னது

எங்கள் தெருக் காளியம்மன் கோயில் பூசாரிக்குச் சம்பளம் போடலாமா கூடாதா என்ற பேச்சைக் கிளப்பிவிட்டது அறுவடை மெஷின்தான். ஆட்கள் அறுத்துக் கட்டிக் களத்தில் அடித்த காலம்வரை அந்தக் கேள்விக்கே இடம் இல்லை. நெல்லைத் தூற்றிக் குவித்ததும், வயல்காரர் அளந்து எடுப்பதற்கு முன்னால் பூசாரி மருதையன் துண்டை விரித்துக்கொண்டு களத்தோரம் வந்து நிற்பார். முதல் மரக்கால் அவருக்கு விழும். குறுவைக்கும் சம்பாவுக்கும் அப்படித்தான். கொடுத்தவர்கள் அதைக் கொடுத்ததாக நினைத்ததில்லை. அவரும் வாங்கியதாக நினைத்ததில்லை.

இப்போது மெஷின் வயலில் இறங்கி, அறுத்து, அடித்து, டிராக்டர் டிப்பரில் கொட்டிவிட்டுப் போகிறது. டிப்பர் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. பணம் பேங்க் கணக்கில் ஏறுகிறது. இதில் மருதையன் எந்த இடத்தில் துண்டை விரிப்பார்? ஒரு போகத்துக்கு டிப்பரின் பின்னால் போய் நின்று பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

மிஞ்சியது தட்டுக்காசு. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிற பெண்களின் கையில் சில்லறை இருப்பதில்லை, போன்தான் இருக்கிறது. ஆகவே வைகாசித் திருவிழாவை நம்பித்தான் அவர் வீட்டு அடுப்பு இருந்தது. திருவிழாவில் கரகம் யார் தலையில் இருக்கிறதோ, தட்டு அவருக்கு. கரகம் வீடு வீடாகப் போகும். வாசலுக்கு வந்ததும் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டு, தட்டில் பணமும் முறத்தில் அரிசியும் வைப்பார்கள். எல்லா வீடும் முடிந்த பிறகு அதே கரகத்தோடு தீக்குழி இறங்குவார். தீ மிதிப்பதை நாங்கள் பூ மிதிப்பது என்றுதான் சொல்வோம். மருதையனின் அப்பா மிதித்தார், அவருக்குப் பிறகு முப்பது வருஷமாக மருதையன் மிதிக்கிறார்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது கார்த்திகையில்தான் தெரிந்தது. வயல் வரப்பில் எதையோ மிதித்துவிட்டு வீட்டுக்குள் நடந்து வந்திருக்கிறார். அவர் மனைவி வேம்பு தரையைப் பார்த்து நின்றுவிட்டாள். சிமெண்டுத் தரையில் ஒரு காலின் தடம் மட்டும் சிவப்பாகத் தொடர்ந்து வந்திருந்தது. பிடித்து உட்காரவைத்துப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே பழைய ஓட்டுத்துண்டு ஒன்று ஏறி இருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை.

அந்தப் புண் ஆறவில்லை. எங்கள் தெருவில் எழில்மொழி என்ற பெண் தஞ்சாவூரில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். அவள்தான் டியூட்டி முடிந்து வந்து கட்டுப் போட்டுவிடுவாள். பெரிய டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனாள். காலைத் தரையில் ஊன்றக் கூடாது, ஈரம் படக் கூடாது, தீ மிதிக்கிற பேச்சே கூடாது என்று அவர் சொல்லி அனுப்பினார். மிதித்தால் கால் போய்விடும் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

பங்குனியில் திருவிழாவுக்கு நாள் குறிக்கக் கோயில் முன்னாலுள்ள தகரக் கொட்டகையில் கூட்டம் கூடியது. கமிட்டித் தலைவர் நல்லக்கண்ணு நாற்காலியில் இருந்தார். எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் பண்ணையாளாக இருந்த நிலத்திலேயே இன்று நல்லக்கண்ணுவுக்குச் சொந்த வயல் இருக்கிறது. ஆகவே அவர் பேச்சுக்குத் தெருவில் எடை உண்டு. பந்தல், சீரியல் செட், ஆர்க்கெஸ்ட்ரா என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். மருதையன் கட்டுப் போட்ட காலை நொண்டிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, ஒரு சேதி."

"சொல்லு மருதையா."

"இந்த வருஷம் நான் கரகம் தூக்கல. கால் இப்படி இருக்கு. வேற யாராச்சும் தூக்கட்டும். விளக்கு, பூசை, அபிஷேகமெல்லாம் எப்பயும்போல நான் பாத்துக்கறேன். அதுக்கு மாசாமாசம் ஏதோ ஒண்ணு போட்டீங்கன்னா..."

"ஏதோ ஒண்ணுன்னா?"

"சம்பளமா."

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"பி.எஃப். புடிக்கணுமேப்பா?"

"ஞாயித்துக்கிழமை லீவு வேற."

"அம்மா எறங்குற நேரம் பாத்து டூட்டி முடிஞ்சிருச்சுன்னா என்னடா பண்றது?"

"ஓ.டி. போட்டுக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். மருதையனும் கூடச் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டால் காரியம் நடந்துவிடும் என்று நினைக்கிற மனிதர் அவர்.

சிரிக்காதவர் இளம்பரிதி மட்டும்தான். எழில்மொழியின் கணவர். ஒரு காலேஜில் வாத்தியார். "இதுல சிரிக்க என்ன இருக்கு பெரியப்பா? அறநிலையத்துறைக் கோயில்ல குருக்களுக்குச் சம்பளம் இல்லையா? சர்ச்சுல ஃபாதருக்கு இல்லையா? பள்ளிவாசல்ல அசரத்துக்கு இல்லையா? மருதையன் சித்தப்பா ரெண்டு வேளை கோயில் தொறக்குறாரு. அது வேலை. வேலைக்கு ஊதியம் குடுக்கணும்."

நல்லக்கண்ணு கோபப்படவில்லை. "தம்பி, நீ சொன்ன எடத்துல எல்லாம் சாமி உள்ள இருக்கு, பூசாரி வெளிய இருக்கான். நம்ம சாமி இவன் ஒடம்புல எறங்குது. நம்மகிட்ட சம்பளம் வாங்குற ஒடம்புல எறங்கி அவ ஒரு வாக்குச் சொன்னா, கமிட்டி சொல்லிக் குடுத்ததத்தான் சொல்றான்னு நாலு பேர் பேசமாட்டானா? சம்பளம் குடுக்குறவனப் பாத்து, நீ செஞ்சது தப்புடான்னு அவளால சொல்ல முடியுமா?"

மருதையனுக்கு வேண்டியவர்கள்கூட அது சரிதானே என்று தலையை ஆட்டினார்கள்.

"சாப்பிடாத ஒடம்புலயும் எறங்காது பெரியப்பா."

"யாரு சாப்பாடு இல்லைன்னா? தூக்கட்டும், தட்டு அவனுக்கு. தூக்கலைன்னா தூக்குறவனுக்கு. என் தங்கச்சி மவன் தூக்குறேங்கிறான். மருதையன் பொழப்பக் கெடுக்க வேணாம்னு நான்தான் அவன நிறுத்தி வச்சிருக்கேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து எழில்மொழி எழுந்தாள். "பெரிய மாமா, அந்தக் காலோட தீ மிதிச்சா காலையே எடுக்கணும். டாக்டர் சொன்னதச் சொல்றேன். அவருக்குப் பாதத்துல உணர்ச்சியே இல்ல."

"உணர்ச்சி இல்லாத காலுக்கு நெருப்பு என்னம்மா பண்ணும்? நமக்குத்தான் சுடும்."

தகரம் அதிரும்படி சிரிப்பு எழுந்தது. அதற்கப்புறம் பல நாளைக்கு டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பேச்சு வளர்ந்துகொண்டே போனது. இளம்பரிதிக்கு எரிச்சல் வந்துவிட்டது. துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. அம்மாவையே கேட்டுருங்க. அவ பூசாரிதானே, அவளே சொல்லட்டும்."

கேலியாகத்தான் சொன்னார். அருள் வருவதில் எல்லாம் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நல்லக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளையாட்டம் பேசிருச்சு. வர்ற வெள்ளிக்கிழமை பம்பைக்காரனுக்குச் சொல்லி விடுங்க. கேட்டுருவோம்."

அம்மா யார் வாயால் பதில் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் இளம்பரிதிக்கு உறைத்தது. "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் பெரியப்பா" என்றார். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை.

மருதையனின் முகம் மட்டும் தெளிந்திருந்தது. "அது போதும்ணே. அவ சொல்லட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேம்பு அவருக்குச் சோறு போடவில்லை. அருள் வருகிற நாளில் அவர் பட்டினி. அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் சொல்றதக் கேளுங்க. பம்பை அடிச்சதும் ஆடுங்க. கேட்டானுவன்னா, குடுங்கடான்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான்."

"நானா சொல்றது?"

"வேற யாரு?"

"அது என் வாய் இல்ல வேம்பு."

"சோறு திங்கிறது அந்த வாய்தானே?"

அவருக்குக் கோபம் வரவில்லை. மனைவிக்கு விளங்காததை விளக்குகிறவர்போல மெதுவாகப் பேசினார். "நீ என்னா பயப்படுற? முப்பது வருஷமா அவளுக்கு விளக்குப் போட்டிருக்கேன். அம்மை போட்டுக் கெடந்தப்பகூட ஒரு நாள் கோயில் பூட்டிக் கெடந்ததில்ல. எனக்குக் குடுக்க வேணாம்னு அவ சொல்லிருவாளா?"

"சொல்லிட்டான்னா?"

"சொல்லமாட்டா."

வேம்பு எழுந்தாள். மடித்த வேட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் கோயில் வாசலில் நிற்க இடமில்லை. சாதாரண வெள்ளிக்கிழமைக்கு எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலர் மதில்மேல் ஏறியிருந்தார்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்த பம்பைக்காரர் தோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதையன் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு, கையில் வேப்பிலையோடு வந்து நின்றார். காலில் கட்டு நனைந்திருந்தது.

பம்பை ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. "சம்பளம் பேசாம வரமாட்டாளாம்டா" என்று மதிலிலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முதலில் அவருடைய தோள் அசைந்தது. பிறகு கழுத்து. அதற்கப்புறம் உடம்பு முழுவதும் யாரோ உள்ளேயிருந்து உலுக்குவதுபோல ஆடத் தொடங்கியது. அடிவயிற்றிலிருந்து அந்தக் கூவல் எழுந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். போன் பிடித்திருந்தவர்கள்கூட ஒரு கையைக் கும்பிடுவதுபோல் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். இது நடிப்பு இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டோம்.

நல்லக்கண்ணு தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கேள்வியை அவர் யோசித்து வைத்திருந்தார்.

"தாயே, எங்க அப்பன் பாட்டன் எல்லாம் பண்ணையில கூலிக்கு நின்னவங்க. நீதான் எங்களத் தூக்கிவிட்ட. இப்ப ஒன் புள்ள மருதையன், எங்ககிட்டயே கூலிக்கு நிக்கிறேங்கிறான். மாசக் கூலி கேக்குறான். நிக்கட்டுமா தாயே? ஒன் வாக்கு என்னவோ அதச் சொல்லு."

வேம்பு கூட்டத்தின் நடுவில் ஒரு கையால் எழில்மொழியின் தோளைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது என்று எழில்மொழி பிறகு சொன்னாள்.

மருதையனின் ஆட்டம் நின்றது. தலைமட்டும் பக்கவாட்டில் ஆடியது. வந்த குரல் அவருடையது இல்லை, கனத்த பெண்குரல்.

"கூலியா? என் புள்ளைக்குக் கூலியா? அடேய், பெத்தவ புள்ளைக்குப் போடுற சோத்துக்குக் கணக்கு வைப்பாளாடா? எவன்டா என் புள்ளைக்குப் படியளக்கறவன்? நீயா? நீயா?" வேப்பிலை நல்லக்கண்ணுவின் முகத்துக்கு நேரே நீண்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார். "எவனும் குடுக்க வேணாம். அவன் எவன்கிட்டயும் கை நீட்ட வேணாம். நான் போடுவேன்டா என் புள்ளைக்கு. பூவுல நடக்க வச்சவ நான். இந்த வருஷமும் நடக்க வைக்கிறேன், பாரு."

குலவை மறுபடியும் எழுந்தது. அந்த உடம்பு கீழே சாய்ந்தது. பம்பை நின்றது.

முகத்தில் தண்ணீர் அடித்து, வாயில் எலுமிச்சைச் சாறு விட்டதும் மருதையன் கண்ணைத் திறந்தார். அம்மா மலையேறிய பிறகு அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. எப்போதும் பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். இப்போதும் சுற்றிலும் பார்த்தார். எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருந்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

"அம்மா என்ன சொன்னா?"

மதிலிலிருந்து குதித்த ஒருவன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "நீங்களே பாத்துக்கங்க சித்தப்பா."

அவர் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அவன் போட்டான். பிறகு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ சொன்னாச் சரிதான்" என்றார்.

வீட்டுக்குப் போகும்போது வேம்பு கேட்டாள். "பொய்யின்னு சொல்லிருங்க. ஒடம்பு முடியாம ஒளறிட்டேன்னு சொல்லிருங்க. கால் மிஞ்சும்."

"பொய்யின்னா எதெல்லாம் பொய்? குழந்த வரம்னு கேட்டு வந்தவளுக்குச் சொன்னது? எங்கப்பன் சொன்னது? எல்லாமா?" அவர் நின்று, கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டார். "அவ நடக்க வைக்கிறேன்னு சொல்லிருக்கா."

வைகாசியில் ஆற்றில் தண்ணீர் இல்லை. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. மணலில் பந்தல் போட்டு, பக்கத்து போர்செட்டுத் தண்ணீரில் கரகம் ஜோடித்தார்கள். கட்டோடு கரகம் தூக்கக் கூடாது என்று பெரிய பெண்கள் சொன்னதால் எழில்மொழி போட்ட கட்டை அவிழ்த்தார்கள். அவள் அன்றைக்கு லீவு கேட்டு வந்திருந்தாள். "அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று வேம்புவைப் பார்த்தாள். வேம்பு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டு பிடிப்பது பூசாரி மனைவியின் முறை.

வீடு வீடாகக் கரகம் போனது. வாசலுக்கு வாசல் அவர் பாதத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நாங்களும் ஊற்றினோம். சிலர் குனிந்து புண்ணைப் பார்த்துவிட்டு, அதன்மேல் படாமல் தள்ளி ஊற்றினார்கள். அந்த வருஷம் தட்டு நிறைந்தது. அம்மா வாக்குச் சொன்ன வீடியோ துபாய்வரை போயிருந்ததால், வெளியூரில் இருப்பவர்களும் ஆள் மூலம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

புளியங்கட்டை எரிந்து கனிந்த குழி செவேலென்று கிடந்தது. வழக்கமாகக் கரகம் ஓட்டமாகத்தான் கடக்கும். எவ்வளவு பக்தி இருந்தாலும் கால் தானாக ஓடும். மருதையன் அன்றைக்கு ஓடவில்லை. வரப்பில் நடப்பவர்போல நடந்தார். நடுவில் ஒரு தடவை கரகம் சாய்ந்தது. நின்று, அதை நேராகச் சரிசெய்துகொண்டு, பிறகு நடந்தார். அப்படி ஒரு பூமிதியை எங்கள் தெரு கண்டதில்லை. நல்லக்கண்ணு வாய்விட்டு அழுதார். "பாத்தியாடா, நடக்க வச்சா பாத்தியா" என்று இளம்பரிதியின் கையைப் பிடித்து உலுக்கினார்.

தீக்குழியின் மறுமுனையில் பால் ஊற்றிய குழியில் மருதையன் காலை வைத்தார். பால் நிறம் மாறியது. எழில்மொழி திரும்பிக்கொண்டாள்.

தட்டில் விழுந்தது எல்லாம் ஆஸ்பத்திரிச் செலவுக்கே போனது. முதலில் விரல்களை எடுத்தார்கள். ஆடி முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காவிரியில் தண்ணீர் வந்து, நடவு முடிந்து, வயல் பச்சை கட்டியிருந்தது. கமிட்டி சார்பில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

கோயிலைப் பூட்டி வைக்க முடியாது. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியை வரவழைத்தார்கள். இளவட்டம். பைக்கில் வந்து இறங்கினான். அதே தகரக் கொட்டகையில் அவனோடு பேச்சு நடந்தது. கரகம் தூக்குவேன், தீக்குழியெல்லாம் நமக்கு ஒத்துவராது, அருள் வருவது பழக்கமில்லை, மாதம் பிறந்ததும் சம்பளம் கணக்கில் ஏறிவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். நல்லக்கண்ணு தொகையைக் கேட்டார். கொஞ்சம் குறைத்துப் பேசினார். பிறகு சரி என்றார். எல்லோரும் சரி என்றோம். டீ வந்தது.

வேம்பு கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"மாமா, அம்மாவக் கேக்கலியா?"

"என்னாம்மா?"

"சம்பளம் குடுக்கலாமான்னு. அன்னைக்குக் கேட்டீங்களே. எவனும் குடுக்க வேணாம்னு சொன்னாளே."

நல்லக்கண்ணு டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குச் சங்கடம் எதுவும் இல்லை. கேட்டவளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். "அது மருதையனுக்குச் சொன்னதும்மா. இந்தத் தம்பி அசலூரு. இவன் அவ புள்ள இல்லையே."

இளம்பரிதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பூசாரி, யார் இந்த அம்மா என்று பக்கத்தில் கேட்டான். யாரோ அவன் காதில் சொன்னார்கள். அவன் டீயைக் குடித்து முடித்தான்.

வேம்பு வீட்டுக்கு வந்து, கட்டிலில் கிடந்த மருதையனிடம் அதை அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவருக்கு உறைக்க வேண்டும், ஒரு தடவையாவது அந்தத் தெருவை வாய்விட்டுத் திட்ட வேண்டும் என்பதற்காகச் சொன்னாள்.

மருதையன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகத்தில் பழைய தெளிவு வந்தது.

"பாத்தியா" என்றார். "நல்லக்கண்ணு அண்ணனே சொல்லிட்டாரு. இன்னொருத்தன் அவ புள்ள இல்லையாம்."

வேம்பு எழுந்துபோய், கதவு மூலையில் சாத்தியிருந்த தட்டை எடுத்தாள். பித்தளைத் தட்டு, மாமனார் காலத்தது. அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கோழிக்குத் தவிடு பிசையப் போட்டாள். உள்ளேயிருந்து அவர் கேட்டார்.

"என்ன சத்தம் வேம்பு?"

"ஒண்ணுமில்ல" என்றாள். "கோழிக்குப் போடுறேன்."